மூன்று மாதமாக மாறாத நிறம்

மார்ச் 5, 2019, செவ்வாய்

மழை. பள்ளிக்கூடச் சமையலறையில் இன்று பூசணி சூப், சோயாவில் வேகவைத்த பன்றிக்கறி, முட்டைக்கோஸ். அறுநூற்று நாற்பது பிள்ளைகள். சூப் மிஞ்சிவிட்டது.

காலையில் ஏப்ரன் கட்டும்போது கூட வேலை செய்யும் யா-வென் கேட்டாள், "என்ன லியென்-ஜூ, ராத்திரி பூரா அழுதியா?" அழவில்லையே. நன்றாகத்தான் தூங்கினேன். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு மேல் இமையும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருக்கிறது. லேசான வீக்கம் வேறு. சனிக்கிழமை தலைக்கு டை அடித்தேன். அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை. இனி அந்த டை வேண்டாம்.

மார்ச் 9, சனி

கண் டாக்டரிடம் போனேன். அலர்ஜி என்றார். சொட்டு மருந்து, ஒரு களிம்பு. "கசக்காதீங்க" என்றார். நான் கசக்குவதே இல்லை.

மார்ச் 15, வெள்ளி

குறையவில்லை.

மார்ச் 21, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் குப்பை லாரி பாட்டுக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எங்கள் தெருவுக்கு வரும் லாரியில்தான் என் வீட்டுக்காரர் தெங்-சாய்க்கு வேலை. பின்னால் நின்று பைகளை வாங்கி உள்ளே வீசுவார். எல்லோரும் அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இன்று ஒருவரும் பேசவில்லை. பையைக் கொடுத்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள், போனார்கள்.

திரும்பும்போது கீழ்வீட்டு ஆ-க்வெய் அக்கா குடைக்குள் என்னை இழுத்துக்கொண்டாள். "ஏய், என்கிட்ட மறைக்காத. கை நீட்டுறானா?"

"ஐயோ, இல்லக்கா. அலர்ஜி."

"எல்லாரும் முதல்ல அதைத்தான் சொல்லுவாங்க. ஒண்ணு மாடிப்படி, இல்லேன்னா அலர்ஜி." என் கையை அழுத்தினாள். "என் கதவு எப்பவும் தொறந்துதான் இருக்கும், தெரிஞ்சுக்கோ."

நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மார்ச் 22, வெள்ளி

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். யார் படிக்கப்போகிறார்கள், எழுதினால்தான் என்ன?

ஒரு தடவை அடித்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு முன்பு. துறைமுகத்தில் வேலை போன வாரம், நன்றாகக் குடித்துவிட்டு வந்தார். நான் என்ன சொன்னேன் என்பது இப்போது ஞாபகம் இல்லை. கண் கறுத்துவிட்டது. ஆறு வயது மகள் பெய்-சென் சோற்றுக் கிண்ணத்தோடு கதவோரம் நின்றாள். மறுநாளிலிருந்து அவர் சாராயத்தைத் தொடவில்லை. அன்றோடு சரி. ஒரே ஒரு தடவை.

ஒரே ஒரு தடவை என்று எழுதும்போது யாருக்காகவோ வாதாடுவதுபோல இருக்கிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

கல்லறை சுத்தம் செய்யும் நாள். பெய்-சென் தைச்சுங்கிலிருந்து வந்தாள். போனில் நான் சொல்லவே இல்லை. கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்தாள், பையைக் கீழே வைக்கவில்லை, அப்படியே நின்றாள்.

மலையில் மாமனார் கல்லறைமேல் புல் பிடுங்கிக்கொண்டிருந்தோம். தெங்-சாய் கொஞ்சம் தள்ளி ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா. நேரா சொல்லு."

"அலர்ஜிடீ. ஒரு மாசமா இருக்கு. டாக்டரே சொல்லிட்டார்."

"ஒரு மாசமாவா? ரெண்டு கண்ணுலயுமா? நான் சின்னப் பொண்ணு இல்ல. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

"மெதுவாப் பேசு."

"ஏன் மெதுவா? கேட்டா என்ன பண்ணுவார்?"

கேட்டுவிட்டது. ஊதுபத்தி பிடித்த கை அப்படியே நின்றது. திரும்பவில்லை. பத்தியை நட்டுவிட்டு மூன்று தடவை கும்பிட்டார். இறங்கும்போது எங்களுக்கு ரொம்ப முன்னால் தனியாக நடந்தார்.

அவள் சாயங்கால ரயிலுக்கே போய்விட்டாள். அப்பாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

தோல் டாக்டர். மேக்கப் அலர்ஜி என்றார். நான் மேக்கப் போடுவதில்லை என்றேன். "அப்படின்னா சோப்பு" என்றார். ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார்.

ஏப்ரல் 18, வியாழன்

வெளுத்திருக்கிறது! காலையில் கண்ணாடி பார்த்துச் சிரித்தேன். தெங்-சாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தார். "ம், கொஞ்சம் தேவல" என்றார். நாலு நாளைக்கு அப்புறம் அவர் பேசிய முதல் வார்த்தை.

ஏப்ரல் 23, செவ்வாய்

திரும்பி வந்துவிட்டது. முன்பைவிடக் கறுப்பாக.

ஏப்ரல் 29, திங்கள்

எங்கள் வீட்டுக்கு நூற்று முப்பத்தாறு படி. முப்பது வருஷமாகக் காய்கறிப் பையோடு ஒரே மூச்சில் ஏறுகிறவள். இன்று மூன்று இடத்தில் நின்றேன். மூச்சு வாங்கவில்லை. தொடைதான் வரமாட்டேன் என்கிறது, யாரோ மணல் மூட்டை கட்டிவிட்டதுபோல.

ஐம்பத்திரண்டு ஆகிறது. வயசுதானே?

இடது காதும் அடைத்த மாதிரியே இருக்கிறது, சீனப் புத்தாண்டுச் சளியிலிருந்து. ஒன்று போனால் இன்னொன்று.

மே 3, வெள்ளி

யாரோ போன் செய்து புகார் கொடுத்திருக்கிறார்கள்.

சமூகநல அலுவலகத்திலிருந்து ஃபான் என்று ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஈரக் காலணியை வெளியே கழற்றி வைத்துவிட்டு, நான் கொடுத்த டீயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தன்மையாகத்தான் பேசினாள். வீட்டில் சண்டை வருமா, அவர் குடிப்பாரா, பயமாக இருக்கிறதா, போக ஒரு இடம் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கே பொய் சொல்வதுபோல் இருந்தது.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது கை நீட்டியிருக்காரா?"

அவள் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"இருபது வருஷம் முன்னாடி. ஒரு தடவை."

எழுதிக்கொண்டாள்.

அவள் கிளம்பும்போது கதவைத் திறந்தால் தெங்-சாய் படியில் மழையில் நிற்கிறார். வேலை முடிந்து வந்தவர், காலணியைப் பார்த்து விஷயம் புரிந்து, உள்ளே வராமல் நின்றிருக்கிறார். அவளுக்குத் தலைகுனிந்து வழிவிட்டார்.

ஏன் சொன்னேன்? ஏன் சொல்லித் தொலைச்சேன்?

மே 11, சனி

"நான் கொஞ்ச நாள் தம்பி வீட்டுல இருக்கட்டுமா?" சாப்பிடும்போது கேட்டார். கிண்ணத்தைப் பார்த்தபடியே.

"எதுக்கு?"

"லாரியில யாரும் எங்கூடப் பேசறதில்ல. டிரைவர்கூட ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிறான். நான் இங்க இல்லேன்னா, உன் கண்ணு அப்பவும் இப்படியே இருந்தா, தெரிஞ்சுக்குவாங்கல்ல."

"நீங்க போனா ஆமான்னு ஆயிடும். பேசாம சாப்பிடுங்க."

கத்திவிட்டேன். பயத்தில்தான் கத்தினேன். ஊரைப் பற்றிய பயம் இல்லை. உடம்புக்குள் என்னவோ நடக்கிறது. அது நடக்கும்போது இந்த வீட்டில் நான் தனியாக இருக்கக்கூடாது.

மே 16, வியாழன்

நாட்டு வைத்தியரிடம் போனேன். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். கல்லீரலில் சூடு என்றார். ஏழு நாள் கஷாயம். கரியைக் கரைத்துக் குடிப்பதுபோல் இருக்கிறது.

விரல் முட்டிகள் மேல் சிவப்பாகத் தடிப்புகள் வந்திருக்கின்றன. பாத்திரம் தேய்க்கும் சோப்பாக இருக்கும். கழுத்துக்குக் கீழேயும் வெயில் பட்டதுபோல் சிவப்பு. இந்த ஊரில் வெயில் ஏது?

மே 22, புதன்

ஃபான் மறுபடி வந்தாள். நான் கதவைப் பாதி திறந்து நின்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

"கேள்வி கேக்க வரல. உங்க கண்ணைப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள். வெளிச்சத்துக்குத் திரும்பச் சொல்லி உற்றுப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"இந்த வேலையில பதினோரு வருஷம் இருக்கேன். அடிபட்ட கண்ணு எத்தனையோ பாத்தாச்சு. கறுத்த கண்ணு ஒரு வாரத்துல பச்சையாகும், அப்புறம் மஞ்சளாகும், அப்புறம் போயிடும். மறுபடி அடிச்சாலும் ரெண்டு கண்ணும் இப்படி அளவெடுத்த மாதிரி ஒண்ணா இருக்காது. போன தடவை நான் பாத்த நிறம் அப்படியே இருக்கு. அக்கா, இது அடி இல்ல. ஆனா இது அலர்ஜியும் இல்லேன்னு எனக்குத் தோணுது. தைபே போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. தோல் பிரிவுல ஷாவ்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க."

அப்போதுதான் அவளை உள்ளே கூப்பிட்டேன். நேரமில்லை என்று போய்விட்டாள்.

தெங்-சாயிடம் சொன்னேன். "நாளைக்கே போலாம்" என்றார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரிய வியாதிதான் சொல்வார்கள். கஷாயம் இன்னும் ஒரு நாளுக்கு இருக்கிறது.

மே 27, திங்கள்

விழுந்துவிட்டேன். படியில், தொண்ணூறாவது இருக்கும். தடுக்கவில்லை, வழுக்கவில்லை, கால் மடிந்துவிட்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கையை ஊன்றினால் கையும் வரவில்லை. மழையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆ-க்வெய் அக்கா பார்த்துவிட்டு ஓடி வந்தாள், அவளால் தூக்க முடியவில்லை. கடைசியில் தெங்-சாய்க்குப் போன் செய்தாள். தெங்-சாய்க்கு! அவளே!

லாரியை விட்டுவிட்டு ஓடி வந்தார். முதுகில் ஏற்றிக்கொண்டார். குப்பை நாற்றம், மழை நாற்றம். அவர் சட்டையில் முகம் வைத்து அழுதேன். ஆ-க்வெய் அக்கா பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மே 30, வியாழன்

தைபே.

டாக்டர் ஷாவ் சின்ன உருவம், நரைத்த தலை. கண்ணைப் பார்ப்பாள் என்று முகத்தை நீட்டினேன். அவள் என் கையைத்தான் கேட்டாள். விரல் முட்டிகளைத் தடவினாள். நகத்தின் அடியை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"நாற்காலியிலேர்ந்து எழுந்திருங்க. கையை ஊணாம."

முடியவில்லை. மூன்று தடவை முயன்றேன்.

"தலை சீவும்போது கை வலிக்குதா?"

"ஒரு மாசமா அவர்தான் கொண்டை போட்டுவிடறார்." இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேகூட எழுதவில்லை.

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: இது தோலும் தசையும் சேர்ந்து பழுதாகிற ஒரு வியாதி. உடம்பைக் காக்க வேண்டியதே உடம்பைத் தாக்குகிறது. இமையில் இந்த ஊதா, விரல் முட்டியில் இந்தத் தடிப்பு, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிடும். "இமையை மட்டும் பாத்தவங்களுக்கு அலர்ஜியாத்தான் தெரிஞ்சிருக்கும்."

தெங்-சாய் கேட்டார், "அப்ப... அடிபட்டதால வரலியே?" அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"அடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. யாராவது கேட்டா நான் எழுதித் தரேன்."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். நானும் சிரித்தேன். ஒரு நிமிஷம்தான்.

"இன்னொண்ணு சொல்லணும்" என்றாள் டாக்டர். "உங்க வயசுல இது வந்தா சில சமயம் தனியா வராது. உள்ள எங்கேயாவது கட்டி இருக்கான்னு தேடிப் பாத்துடணும். நம்ம பக்கத்து ஜனங்களுக்கு முக்கியமா மூக்குக்குப் பின்னாடி. காது அடைக்குதா?"

அவர்தான் சொன்னார். "இடது காது. புத்தாண்டுலேர்ந்து."

ஜூன் 1, சனி

டாக்டர் கொடுத்த காகிதத்தை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். ஆ-க்வெய் அக்காவிடம் காட்டட்டுமா என்றேன். "வேணாம்" என்றார். "இப்ப எனக்கு அதுவா முக்கியம்?"

ஜூன் 4, செவ்வாய்

மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டார்கள். தொண்டை வரை எரிந்தது. பையன் மாதிரி ஒரு டாக்டர், திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டான்.

அந்த நிறுத்தம்தான் காதிலேயே இருக்கிறது.

ஒரு துணுக்கு எடுத்திருக்கிறார்கள். முடிவு வரப் பத்து நாள்.

ஜூன் 5, புதன்

கட்டி இருந்தால்? இல்லாமல் இருந்தால்? தசைக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. தூக்கம் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

டிராகன் படகுப் பண்டிகை. என்னால் மூங்கில் இலையில் சோற்றுப் பொட்டலம் கட்ட முடியாது. அவர் அரிசியை அமுக்கி, இலை கிழிந்து, நூல் அவிழ்ந்து, பதினாறு கட்டினதில் ஒன்பது தேறியது.

பெய்-சென் வந்தாள். போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். வந்ததிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவர் தட்டோடு வந்ததும் எழுந்து நின்றாள்.

"அப்பா, நான் அன்னைக்கு மலையில..."

"உக்காரு. ஆறிடும்."

"இல்லப்பா. தப்பாப் பேசிட்டேன்."

அவர் இலையைப் பிரித்து அவள் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல், "நீ கேட்டதுல தப்பு இல்ல. நான் அடிச்சவன்தான். ஒரு தடவைன்னாலும். நீ கேக்காம இருந்திருந்தாத்தான் தப்பு" என்றார்.

முப்பது வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. இருபது வருஷத்தில் அந்த நாளைப் பற்றி வாய் திறந்ததும் இல்லை. பெய்-சென் தலையைக் குனிந்து சாப்பிட்டாள். சோறு வேகவில்லை. யாரும் சொல்லவில்லை.

ஜூன் 13, வியாழன்

நாளைக்கு. கடவுளே. கோயிலுக்குப் போகவும் படி ஏறணும்.

ஜூன் 14, வெள்ளி

புற்றுநோய்.

எழுதிவிட்டேன்.

மூக்குக்குப் பின்னால். சின்னதுதான், கழுத்தில் ஒரு நிணநீர்க் கணுவுக்கு மட்டும் போயிருக்கிறது, இரண்டாம் கட்டம் என்றார்கள். டாக்டர் ஷாவ் தானாகவே இறங்கி வந்து கூட உட்கார்ந்தாள். "இமை காட்டிக்கொடுத்துடுச்சு. இல்லேன்னா ஒரு வருஷம் கழிச்சு, கழுத்துல பெரிய கட்டியோட வந்திருப்பீங்க. இதுக்கு வைத்தியம் இருக்கு. பாதி பேருக்கு மேலயே நல்லாயிடும், உங்க கட்டத்துல இன்னும் அதிகம்."

எனக்கு 'பாதி' மட்டும்தான் கேட்டது.

பஸ்ஸில் தெங்-சாய் என் கையை விடவில்லை. அவர் உள்ளங்கை வேர்த்து வேர்த்து நனைந்தது. இவரும் பயப்படுகிறார். அது தெரிந்ததும் என் பயம் ஏன் கொஞ்சம் குறைந்தது? குறைந்ததா?

ஜூலை 8, திங்கள்

கதிர் சிகிச்சை ஆரம்பம். வலை மாதிரி ஒரு முகமூடியை முகத்தின்மேல் அழுத்தி மேஜையோடு பூட்டிவிடுகிறார்கள். அசையக்கூடாது. எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவை மூடுகிறார்கள். முப்பத்தைந்து தடவை. இன்று ஒன்று.

ஜூலை 25, வியாழன்

வாயெல்லாம் புண். தண்ணீர்கூட முள்ளாக இறங்குகிறது.

ஆகஸ்ட் 3, சனி

இனி முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கஞ்சியை மிக்ஸியில் மறுபடி அடித்து வடிகட்டிக்கொண்டு வந்தார். கால் கிண்ணம் இறங்கியது.

ஆகஸ்ட் 14, புதன்

ஆவிகள் மாதம். அவற்றுக்குக் கடலில் விளக்கு விடும் ஊர்வலம் இன்று. கீழே மேளம் கேட்கிறது. ஜன்னலை மூடச் சொன்னேன். இந்த மாதம் அதையெல்லாம் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

முப்பத்தைந்து.

அக்டோபர் 9, புதன்

முகம் மாத்திரையில் பலூனாகிவிட்டது. ஆனால் இன்று கண்ணாடியில் இமையைத் தேடினேன். ஊதா எங்கே? மங்கி, மங்கி, ஓரத்தில் மட்டும் ஒரு கோடு. நம்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். ஏப்ரலில் நம்பி ஏமாந்தவள்.

நவம்பர் 22, வெள்ளி

கேமரா, ஸ்கேன், ரத்தம், எல்லாம். கட்டி இல்லை. தசை இன்னும் முழுசாகத் தேறவில்லை, கதிர் சிகிச்சையில் போன ருசி நாக்குக்குத் திரும்பவில்லை, மாத்திரை தொடரணும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரணும். ஐந்து வருஷம் தாண்டினால்தான் முடிந்தது என்று சொல்ல முடியுமாம்.

ஐந்து வருஷத்துக்கு எத்தனை தடவை அந்தக் குழாய்? இருபது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் பேச்சை நிறுத்துகிறானா என்று காது கொடுத்துக் கிடக்கணும்.

டிசம்பர் 15, ஞாயிறு

மூன்று வாரமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

இன்று பெய்-சென் போன் செய்தாள். எடுத்ததும், "நீ இல்லம்மா, அப்பாவைக் கூப்பிடு" என்றாள். வாடகை வீட்டில் சமையல் தொட்டி அடைத்துக்கொண்டதாம். அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "கீழ வளைஞ்சு ஒரு குழாய் இருக்கும் பாரு, அதைத் திருகு... முதல்ல வாளி வச்சியா? வாளி வைக்காம திருகாதேடீ!" என்று கத்தினார். அந்தப் பக்கம் ஐயோ என்று ஒரு அலறல். இருவரும் சிரிக்கும் சத்தம்.

குழாய் சரியாகிவிட்டது. அப்புறமும் வைக்கவில்லை. அவள் ஆபீஸ் மேனேஜரைப் பற்றி, லாரி டிரைவர் வாங்கிய புது ஸ்கூட்டரைப் பற்றி, தைச்சுங்கில் மழையே இல்லாததைப் பற்றி. நாற்பது நிமிஷம். நான் மேஜையில் மீன் உருண்டை சூப் குடித்துக்கொண்டிருந்தேன். பாதியில்தான் கவனித்தேன், உப்பு அதிகம்.

உப்பு தெரிகிறது.

சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் பேசி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.